இடது பாக்கெட்

சவ அடக்கக் கூடம் நடத்தும் பிக்ஸ்லர் காகிதப் பையை மேசைமேல் வைத்து, இரண்டு விரலால் அவள் பக்கம் தள்ளினார்.

"உங்க அப்பா பேன்ட்ல இருந்துதும்மா."

ரொட்டிக் கடைப் பை. அடியில் வெண்ணெய்க் கறை. ரோண்டா அதைத் தொடவில்லை.

"இருக்காது மிஸ்டர் பிக்ஸ்லர். அவரோடதை நான் எடுத்து வச்சு ஒரு மாசம் ஆச்சு. துப்பாக்கி வெளியில கிடந்தா ஊசி போட வர மாட்டேன்னு அந்த நர்ஸ் சொல்லிட்டா. சமையலறை டிராயர்ல பூட்டிக் கிடக்கு."

"அப்ப இது ரெண்டாவது."

"ரெண்டாவது கிடையாது."

"பிரிச்சுப் பாரு. குண்டை எடுத்துட்டேன். கைக்குட்டைல முடிஞ்சு வச்சிருக்கேன், அஞ்சும் இருக்கு."

கதவுக்கு அந்தப் பக்கம் எம்மெட் டாக்கெட் சட்டை மட்டும் போட்டு, இடுப்புக்குக் கீழே வெள்ளைத் துணி மூடிப் படுத்திருந்தார். எழுபத்து நான்கு வயது. மேற்கு வர்ஜீனியாவின் மலைச் சாலைகளில் உருண்டு கிடந்த வண்டிகளை நாற்பது வருடம் இழுத்துக்கொண்டு வந்தவர். செவ்வாய்க்கிழமை மதியம் இதயம் நின்றது. இன்று வியாழன். மூன்று மணிக்கு ஊர் பார்க்க வரும். நாளை அடக்கம். நேற்று மாலை ரோண்டா அவருடைய கறுப்பு சூட்டை ஜிப் வைத்த உறையோடு இங்கே கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். உறையின் அடியில் காலணியும் இருந்ததால் கனம் தெரியவில்லை.

"இதுல வெட்கப்பட ஒண்ணுமில்ல" என்றார் பிக்ஸ்லர். "வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது இப்படி வந்துடுது. போன வருஷம் ஞாயிறு பள்ளி டீச்சர், மிஸஸ் ஓடம். உள்பாடிக்குள்ள. எடுத்தது என் பொண்டாட்டி, இன்னும் சொல்லிச் சிரிக்கறா. முன்னல்லாம் இரும்பு. பாக்கெட்ல போட்டா பேன்ட் முழங்காலுக்கு வரும், யாரும் மறக்க மாட்டாங்க. இப்ப அலுமினியத்துல பண்றான். முக்கால் பவுண்டு. கட்டினவனுக்கே நினைவில்ல."

ரோண்டா பையைப் பிரித்தாள்.

தோல் உறைக்குள் அது இருந்தது. அவள் உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் பெரிது. சாம்பல் நிறம். இரண்டு அங்குலம்கூட இல்லாத குழல். துணியில் மாட்டாமல் இருக்கக் குண்டைத் தட்டும் சுத்தியலை உடம்புக்குள்ளேயே மறைத்துச் செய்தது. பிடியில் பச்சை டேப் சுற்றியிருந்தது.

அந்த டேப்பை அவளுக்குத் தெரியும். தம்பி லைலின் மனைவி ஜோலீன் சுற்றியது.

"லைலோடது" என்றாள்.

பிக்ஸ்லர் தலையாட்டினார். அவருக்கு ஆச்சரியமாக இல்லை என்பதை ரோண்டா கவனித்தாள்.

"லைல் காலைல எட்டு மணிக்கே இங்க வந்தான்."

"எதுக்கு?"

"அப்பா பேன்ட்ல பொத்தான் தைக்கணுமாம். பேன்ட்டைக் குடுங்கன்னான். லைலுக்கு ஊசில நூல் கோக்கத் தெரியுமா?"

"தெரியாது."

"அதான் குடுக்கல. அவன் போனப்புறம் பாக்கெட்டைத் தடவிப் பார்த்தேன். இடது பாக்கெட்."

சுவருக்குப் பின்னால் குளிர்பெட்டி ஓடிக்கொண்டிருந்தது.

"துணி கொண்டு வந்தவங்க கைல குடுக்கறது எங்க வழக்கம்" என்றார் பிக்ஸ்லர். "இல்ல, எடுத்த இடத்துலயே திரும்ப வச்சிடவும் என்னால முடியும். மூடியைத் திருகினப்புறம் யாரு கேக்கப் போறா? எம்மெட் அதைத்தான் நினைச்சிருப்பார்னு தோணுது."

நினைத்துத்தான் இருந்தார். இரண்டு வாரம் முன்பு, பேசினால் மூச்சு வாங்கும் நிலையில், "அந்தக் கறுப்பு சூட்டு. பாக்கெட்ல கை விடாதே" என்றார். ஏதோ சின்ன விஸ்கி பாட்டில் என்று ரோண்டா நினைத்தாள். சாகப்போகிறவர், வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

"வேண்டாம்" என்றாள். "இது என்கிட்ட இருக்கட்டும். குண்டு அஞ்சையும் அவர் பாக்கெட்ல போட்டுடுங்க."

"அஞ்சுமா?"

"அஞ்சும்."

அவள் குண்டு போடும் உருளையைத் திறந்து ஐந்து துளைகளிலும் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்து மூடினாள். கோட்டின் வலது பாக்கெட்டில் அவளுடைய துப்பாக்கி இருந்தது. பெட்ரோல் கடையில் இராப்பணிக்குச் சேர்ந்த வாரம் வாங்கியது, பதினோரு வருடம். இடது பாக்கெட்டில் சாவிக்கொத்தும் இருமல் மிட்டாயும் இருந்தன. இரண்டையும் வெளியே எடுத்தாள். துப்பாக்கி இருக்கும் பாக்கெட்டில் வேறு எதுவும் இருக்கக் கூடாது. அப்பா சொல்லித்தந்தது அது ஒன்றுதான், அதைத்தான் நூறு தடவை சொல்லியிருக்கிறார். சாவி விசையில் மாட்டினால் தொடையில் ஓட்டை.

சாவிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போடுவதென்று நின்றபோதுதான் அது நினைவுக்கு வந்தது. அப்பாவும் தன் சாவிகளை இடம் மாற்றியிருந்தார். இரண்டு வருடமாகச் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, குனியும் போதெல்லாம் தரையில் கொட்டிப் பொறுக்கிக்கொண்டிருந்தார். வயசாகிறது என்று அவள் கிண்டல் செய்தாள். "ஆமா, ஆகுது" என்றார்.

வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். கிளப்பவில்லை.

இரண்டு வருடம். பிப்ரவரி. பனி உறைந்த வளைவு. லைல் ஓட்டினான், ஜோலீன் பக்கத்தில். லைலுக்கு ஒரு விலா எலும்பு முறிந்தது. ஜோலீன் அங்கேயே இறந்துபோனாள். வண்டியை இழுத்துவர எம்மெட்டைத்தான் கூப்பிட்டார்கள். யாருடைய வண்டி என்று போன பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

அந்தப் பள்ளத்தாக்கில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் உயிரை வெறுக்கும் அளவுக்கு மோசமான நாட்களுக்குள் போய்விட்டான் என்று தெரிந்தால், யாராவது ஒருவர் அவன் வீட்டுக்குப் போய், மழையையோ டயர் விலையையோ பேசிவிட்டு, கிளம்பும்போது, "அதைக் கொஞ்ச நாள் நான் வச்சிருக்கட்டுமா?" என்று கேட்பார். எது என்று சொல்வதில்லை. ஏன் என்றும் சொல்வதில்லை. அவனும் கேட்பதில்லை. எடுத்துக் கொடுத்துவிடுவான். கொடுக்காவிட்டால் அன்றிரவு யாராவது அங்கே தங்குவார்கள்.

அப்பா போயிருக்கிறார். கேட்டிருக்கிறார். வாங்கி வந்ததை வீட்டில் வைக்க முடியாது, லைலிடம் வீட்டுச் சாவி இருக்கிறது. வண்டியிலும் வைக்க முடியாது, அதன் சாவியும் இருக்கிறது. அதனால் இடது பாக்கெட்டில் போட்டுக்கொண்டு இரண்டு வருடம் நடந்திருக்கிறார். மளிகைக் கடைக்கு, சர்ச்சுக்கு, இதய டாக்டரிடம். தன்னுடையது வலப்பக்கம், மகனுடையது இடப்பக்கம். உடம்பு மோசமான பிறகு அதைக் கறுப்பு சூட்டுக்கு மாற்றியிருக்கிறார்.

அப்புறம் அந்தத் தொலைபேசி.

அப்பாவைப் பார்த்துக்கொள்ள ரோண்டா வீட்டோடு வந்து ஒரு வருடம். இராப்பணி முடிந்து ஐந்தரைக்கு வந்து, பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது, தினமும் ஆறு மணிக்குச் சமையலறைச் சுவரில் அது அடிக்கும். அப்பா எடுப்பார். "என்கிட்டதான் இருக்கு. நாளைக்குக் கூப்பிடு." வைத்துவிடுவார். லைல்தான் என்று அவளுக்குத் தெரியும். பழைய இழுவை லாரியை விலைக்குக் கேட்கிறான், கிழவர் விற்க மனசில்லாமல் இழுத்தடிக்கிறார் என்று நினைத்திருந்தாள்.

புதன்கிழமை ஆறு மணிக்கு அடித்தது. அவள் எடுத்தாள். அந்தப் பக்கம் ஒரு மூச்சு, பிறகு துண்டிப்பு. இன்று அடிக்கவில்லை. இன்று அவன் எட்டு மணிக்கு நேரே இங்கே வந்திருக்கிறான்.

வண்டியைக் கிளப்பினாள்.

*

மூன்று மணிக்குப் பிக்ஸ்லரின் முன்கூடம் நிறைந்தது. பன்றித்தொடை சாண்ட்விச், அவரைக்காய், காபிப் பாத்திரம். இழுவை லாரிக்காரர்கள் மூன்று பேர் நகத்தைச் சுத்தம் செய்துகொண்டு வந்திருந்தார்கள். பெட்டியின் மேல்பாதி திறந்திருந்தது. அப்பாவுக்கு யாரோ தலையை இடப்பக்கம் சீவியிருந்தார்கள், அவர் வாழ்நாளில் அப்படிச் சீவியதில்லை. ரோண்டா அதைச் சரி செய்யவில்லை. அவள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

லைல் மூன்றரைக்கு வந்தான். முகம் மழித்திருந்தான், தாடையில் இரண்டு வெட்டு. குடித்திருக்கவில்லை. அது அவளுக்கு நல்லதாகப் படவில்லை. குடிக்காமல் வந்தவன் முடிவு செய்துகொண்டு வந்திருப்பான்.

பெட்டி அருகே நின்றான். பிறகு குனிந்து, அப்பாவின் மேல் முழுதாகச் சாய்ந்து, இடது கையை மூடியிருந்த கீழ்ப்பாதிக்குள் விட்டான். பின்னால் நின்ற பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மகன் தகப்பனைக் கட்டிக்கொள்கிறான் என்று ஒருத்தி சொன்னாள்.

அவன் கை உள்ளே நின்றது. எண்ணுகிறான். ரோண்டாவும் அவனோடு எண்ணினாள், ஐந்து வரை.

அவன் நிமிர்ந்து கூட்டத்தில் அவளைத் தேடினான். அவள் தலையை அசைத்து, காபிப் பாத்திரம் இருந்த பக்கத்து நடைக்குப் போனாள். அவனும் வந்தான்.

"குடு" என்றான்.

"சாப்பிட்டியா?"

"ரோண்டி, விளையாடாதே. அது என்னோடது."

"உன்னோடதுதான். யாரு இல்லேன்னா?"

"அப்பா வச்சிருந்தார். அப்பா போயிட்டார். குடு."

"செத்தவன் பேன்ட்டுக்குள்ள கை விடறே. அதுவும் ஊர் பாக்க."

"நீ குண்டு போட்டு வச்சே. அதை விடவா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். அவனுக்கும் வாயோரம் ஒரு நொடி இழுத்தது. உடனே போய்விட்டது.

அதற்குள் ஹார்லன் சித்தப்பா வந்துவிட்டார், அப்பாவின் தம்பி. கையில் சாண்ட்விச். எந்த வீட்டுச் சண்டையையும் மோப்பம் பிடிப்பவர்.

"என்ன, லாரிக்கா சண்டை?"

"என் துப்பாக்கியை இவ குடுக்க மாட்டேங்கறா" என்றான் லைல்.

ஹார்லன் மெல்வதை நிறுத்தினார். லைலைப் பார்த்தார். ரோண்டாவின் கோட்டைப் பார்த்தார், இரண்டு பக்கமும். அவருக்குப் புரிந்தது. அவரும் அந்தப் பள்ளத்தாக்குக்காரர்தான்.

"முறைன்னு ஒண்ணு இருக்கும்மா" என்றார் மெதுவாக. "வச்சிருந்தவன் செத்துட்டா, சாமான் உடையவன்கிட்ட போகணும்."

"அடுத்த ஆள் வச்சுக்கலாம்னும் இருக்கு சித்தப்பா."

"இருக்கு. கேட்டுட்டு. அவன் சரின்னாதான். நீ கேட்டியா?"

கேட்கவில்லை. அது அவள் தப்பு. அவள் கேட்காமல் எடுத்துக்கொண்டிருந்தாள். அதற்கு அந்த ஊரில் திருட்டு என்று பெயர்.

லைலை நேராகப் பார்த்தாள்.

"லைல். அதைக் கொஞ்ச நாள் நான் வச்சிருக்கட்டுமா?"

"முடியாது."

ஹார்லன் தரையைப் பார்த்தார்.

"புதுசு வாங்க எனக்கு அரை மணி நேரம் ஆகும்" என்றான் லைல். "தெரியுமில்ல? ஆத்துக்கு அந்தப் பக்கம் கடை. லைசென்ஸைக் காட்டினா பேப்பர்ல கையெழுத்து, முடிஞ்சுது. நீ இதை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறே?"

"தெரியும். ரெண்டு வருஷமா அந்தக் கடை அங்கதான் இருக்கு. நீ ஏன் வாங்கல?"

அவன் காபிப் பாத்திரத்தைப் பார்த்தான்.

"எழுநூறு நாள்டா. தினமும் அரை மணி நேரம் உன்கிட்ட இல்லையா? அதுக்குப் பதிலா கிழவனை ஆறு மணிக்கு எழுப்பிட்டு இருந்தே."

"அவர் எழுந்துதான் இருப்பார்."

"நானும் எழுந்துதான் இருப்பேன். அஞ்சரைக்கு வந்துடறேன். ஏழு வரைக்கும் எனக்குத் தூக்கம் வராது. பதினோரு வருஷமா வந்ததில்ல."

"நீ அப்பா இல்ல."

"இல்ல. அவர் மாதிரி எனக்குப் பொறுமையும் கிடையாது. புதன்கிழமை நீதானே கூப்பிட்டே?"

"உன் குரல் வந்துது. வச்சிட்டேன்."

"இனிமே என் குரல்தான் வரும். வேற குரல் அந்த வீட்ல இல்ல."

அவன் சுவரில் சாய்ந்தான். கழுத்துப்பட்டையைத் தளர்த்தினான். நாற்பத்து நான்கு வயது ஆள். காது இன்னும் பன்னிரண்டு வயதுபோல் சிவந்திருந்தது.

"நீ குடுக்கலேன்னா ஷெரீஃப்கிட்ட போவேன்."

"போ. அவர் உள்ளதான் இருக்கார், அவரைக்காய் சாப்பிட்டுக்கிட்டு. கூப்பிடவா?"

அவன் கூப்பிடச் சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. நடையைக் கடந்து, கூடத்தைக் கடந்து வெளியே போனான்.

"சித்தப்பா" என்றாள் ரோண்டா. "இன்னிக்கு நீங்க அவன் வீட்ல படுங்க. நாளைக்கும்."

"அவன் நாய் என்னைக் கடிக்கும்."

"கடிக்கட்டும்."

ஹார்லன் மிச்ச சாண்ட்விச்சைத் காகிதக் கைக்குட்டையில் சுற்றி, நாய்க்கு என்று கோட்டுப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, லைலின் பின்னால் போனார்.

*

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குத் தொலைபேசி அடிக்கவில்லை. ஆறேகாலுக்கு ஹார்லன் தன் கைப்பேசியிலிருந்து அழைத்தார். "இருக்கான். ராத்திரி பூரா சோபால உட்கார்ந்திருந்தான். நாய் என் காலணியைத் தின்னுடுச்சு." வைத்துவிட்டார்.

கல்லறை மேட்டில் இருந்தது. மழை முந்தின நாளே நின்றிருந்தாலும் சரிவு வழுக்கியது. ஆறு பேர் பெட்டியைத் தூக்கினார்கள். லைல் இடப்பக்கம் முன்னால். பாதி வழியில் லாரிக்காரர் ஒருவரின் கால் சறுக்கியது, பெட்டி சாய்ந்தது. உள்ளே எங்கோ உலோகம் உலோகத்தில் தட்டியது. மெல்லிய சத்தம். பாதிரியார் நிமிர்ந்து பார்த்தார். லைல் முழு எடையையும் தன் தோளில் வாங்கி, மற்றவர் கால் ஊன்றும்வரை நின்றான். கைப்பிடியை விடவில்லை.

அவள் கோட்டு இரண்டு பக்கமும் சமமாகத் தொங்கியது. நேற்றுவரை வலப்பக்கம்தான் இழுக்கும். அதற்கேற்ப ஒரு தோளைத் தூக்கி நடக்கப் பழகியிருந்தாள். இன்று அது தேவைப்படவில்லை. பழக்கமில்லாததால் முதுகு வலித்தது.

மண் போட்ட பிறகு லைல் அவள் பக்கத்தில் வந்து நின்றான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கோட்டைப் பார்த்தான்.

"கனக்குதா?"

"இல்ல."

"அப்பாவும் அப்படித்தான் சொல்வார்."

அவள் மறுபடி கேட்டாள். கேட்பதற்கு அவளிடம் வேறு வாசகம் இல்லை. "நான் வச்சிருக்கட்டுமா?"

அவன் வண்டியை நோக்கி இறங்கிப் போனான். ஹார்லன் புதுக் காலணியோடு பின்னால் நொண்டிக்கொண்டு போனார்.

அன்று இரவே அவள் வேலைக்குப் போனாள். முதலாளி ஒரு வாரம் விடுப்பு எடுத்துக்கொள்ளச் சொன்னார். வீட்டில் இருந்தால் தூங்கிவிடுவேன் என்றாள். தூங்கினால் என்ன என்று அவர் கேட்டார். அவள் சிகரெட் அட்டைகளை அடுக்கினாள்.

*

சனிக்கிழமை ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்தாள். பூட்ஸைக் கழற்றவில்லை. வண்டிச் சாவியை மேசையில் வைத்தாள். இன்று அடிக்காவிட்டால் ஆறரைக்கு அவன் வீட்டுக்குப் போய், கதவைத் தட்டி, மூன்றாம் தடவை கேட்பாள். நாளை நான்காம் தடவை. கேட்பதற்கு எண்ணிக்கை வரம்பு உண்டென்று அந்த ஊரில் யாரும் சொல்லியதில்லை.

காபி போட்டாள். ஆறு ஆனது. ஜன்னலுக்கு வெளியே எதிர்மேடு நீலத்திலிருந்து சாம்பலுக்கு வந்தது. ஆறு பத்து. இழுவை லாரியின் கண்ணாடியில் பனி படிந்திருந்தது. ஆறு இருபது. காபி ஆறிவிட்டது. அதைக் கொட்டிவிட்டுச் சாவியை எடுத்தாள்.

அடித்தது.

இரண்டாவது மணி முடிவதற்குள் எடுத்தாள். அந்தப் பக்கம் மூச்சு. பின்னால் நாய் எதையோ கடித்துக்கொண்டிருந்தது. இந்த முறை துண்டிப்பு வரவில்லை.

"என்கிட்டதான் இருக்கு" என்றாள். "நாளைக்குக் கூப்பிடு."



"டேப்பு பிரியுதா?" என்றான் லைல்.

அவள் இடது பாக்கெட்டிலிருந்து அதை எடுத்து, உறையைக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்தாள்.

"ஓரத்துல. கொஞ்சம்."

"கைச்சூட்டுல பிரியும். அழுத்தி விடு."

"சரி."

"முழுசாப் பிரிச்சுப் புதுசு சுத்திடாதே."

"மாட்டேன்."

அவன் வைத்தான். அவள் ரிசீவரைச் சுவரில் மாட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, பச்சை டேப்பின் நுனியைக் கட்டைவிரலால் அழுத்தினாள். விட்டதும் எழும்பியது. மறுபடி அழுத்தினாள். இந்த முறை விரலை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள்.